ஒன்பது தோட்டாக்கள்

2019 ஆகஸ்ட் கடைசியில், திருப்போரூரை அடுத்த மானாமதியில் கோயிலருகே மர்மப் பொருள் வெடித்து இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அதன்பிறகு எங்கள் பக்கத்தில் துருப்பிடித்த குழாயைக் கண்டால்கூட ஜனங்கள் ஒதுங்கி நடந்தார்கள். நான் வக்கீல்; என் கட்சிக்காரர் தன் வீட்டுப் பரணிலிருந்த ட்ரங்குப் பெட்டியைத் திறந்தது அந்தச் சமயத்தில்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பு வைத்திருந்த குடும்பம். அப்பாவிடம் லைசென்சோடு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. அவர் காலமானதும் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார்கள். தோட்டாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை; இவர்களுக்கும் நினைவில்லை. பெட்டியில், பழைய வேட்டியில் சுற்றி ஒன்பது இருந்தன. பித்தளை அடிப்பாகம் பச்சை பூத்து, அட்டைக்குழல் ஈரத்தில் உப்பிப்போயிருந்தது. "கடல்ல வீசிட்டு வாங்க மாமா" என்றான் மைத்துனன். இவரோ மஞ்சள் பையில் போட்டு, பஸ் ஏறி, ஸ்டேஷனுக்கே கொண்டுபோனார். அன்று மாலை அவர் மீதே வழக்கு.

மானாமதி நடந்த மறுமாதம் தோட்டாவோடு ஒருவர் வந்து நின்றால் எந்த அதிகாரிக்கும் பயம் வரத்தான் செய்யும். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால் அன்றைக்குக் குறைந்தது ஓராண்டு சிறை. அந்த டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாக்கியது. 'தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம்' என்று 1994-இல் சஞ்சய் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குப் பாதிதான் உதவியது. பெட்டியைத் திறந்த நொடியிலிருந்து அவருக்குத் தெரியுமே! அதனால் ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டேன். வைத்திருப்பது சட்டப்படி செல்லாது என்றானால், தேவையில்லாத தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படை என்கிறது அது. ஒப்படைக்கப் போகிறவன் கையில் தோட்டா இல்லாமல் எப்படிப் போவான்? தாமதத்தை அப்பா இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, மகன் கண்ணில் பட்ட நாளிலிருந்தா?

இதைச் சொல்லி முடிக்க, கொரோனா இடைவெளியும் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அழிக்கச் சொல்லிக் கொடுத்த தோட்டாக்கள் 'வழக்குச் சொத்து' ஆகிவிட்டன. ஆய்வுக்குப் போய்விட்டு வந்து, முத்திரை வைத்த பொட்டலமாக அத்தனை நாளும் பத்திரமாக இருந்தன. பாவம், அவர்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் செங்கல்பட்டு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "கடல்லயே போட்டிருக்கலாமோ சார்?" என்று ஒருநாள் கேட்டார். வக்கீலாக அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

விடுதலையானார். மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் தோட்டாக்களை அழிக்கவும் அந்தத் தீர்ப்பிலேயே உத்தரவு இருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடைத்தால் தொடாதீர்கள், எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுக்கும்போது எண்ணிக்கை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.