எந்த மாசம் வரலாம்?

"உங்க ஊருக்கு எந்த மாசம் வந்தா நல்லாருக்கும்?"

முதலாம் வருசத்தில் அவள் கேட்ட கேள்வி இது. மூன்றாம் வருசம் வரைக்கும் நாங்கள் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

நாங்கள் எண்டா, ஒரே வளவுக்குள் வளர்ந்த அக்கா தங்கச்சி பிள்ளைகள். ஊர் முள்ளியவளை. இரண்டு பேரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம். திருநெல்வேலியில் எங்கட அறையில் மூன்றாவது ஆள் அவள்; ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வந்தவள்.

இலங்கைக்கு எப்போது போகலாம் என்று எந்தப் பயண வழிகாட்டியைப் புரட்டினாலும் ஒரே பதில்தான். டிசம்பர் தொடங்கி மார்ச் வரை மேற்கும் தெற்கும் மலைநாடும், மே தொடங்கி செப்டெம்பர் வரை கிழக்குக் கடற்கரை. சின்னத் தீவுதான், ஆனால் இரண்டு பருவக்காற்று. மே மாதம் தொடங்குகிற தென்மேற்குக் காற்று மலையில் முட்டி, இருக்கிற மழையெல்லாம் அவளின் பக்கம் கொட்டிவிட்டு எங்கட பக்கம் வெறுங்கையோடு வரும். அந்தக் காய்ந்த காற்றைத்தான் நாங்கள் சோளகம், கச்சான் எண்டு சொல்லுறது. (கோயில் வாசலில் விற்கிற கச்சான் வேறை. அதுவும் அதே மாசங்களில்தான் கூட விலைப்படும்.) எங்களுக்கு மழை ஐப்பசியில் இருந்து தை வரைதான். ஹற்றனுக்குப் பக்கத்தில் வட்டவளையில் வருசத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் பெய்யும். எங்கட பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும்.

ஆகவே கணக்குச் சுகம். அவளுக்கு மழை எண்டா எங்களுக்கு வெயில். எங்களுக்கு மழை எண்டா அவளுக்குச் சிவனொளிபாதமலை சீசன், மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடியும். இரண்டாம் வருசம் மாசியில் நாங்கள் போய் ஏறினோம். மாசக் கணக்கில் முன்னமே அவள் திகதி குறித்துத் தந்திருந்தாள். "அப்ப மழை இருக்காது, சூரியன் உதிக்கிறது நல்லாத் தெரியும்" எண்டாள். தெரிந்தது. அவளின் அம்மா ஊற்றித் தந்த தேத்தண்ணியின் சூடு இன்னும் கைக்குள் இருக்கு.

பிறகு எங்கட முறை வந்தது.

வைகாசியில் வரட்டோ எண்டு கேட்டாள். "ஐயோ, வெயில் கொளுத்தும்" எண்டோம். பொய்யில்லை. ஆனால் எங்கட ஊரைப் பார்க்க அதைவிட நல்ல மாசம் இல்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கல் வருகிற மாசம். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்தக் கடல் தண்ணியில் விளக்கெரிப்பார்கள். ஒரு கிழமை ஊரே அந்த விளக்கைச் சுற்றித்தான். பிறகு திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் நடந்து வரும். பாலைப்பழமும் அந்த நாட்களில்தான் பழுக்கத் தொடங்கும். றோட்டோரத்தில் வாங்கி, உதடு ரெண்டும் பால் ஒட்டிப் பேச முடியாமல் நிற்கிறது தனிச் சுகம். இதையெல்லாம் விட்டுவிட்டு நாங்கள் வெயிலைப் பற்றி மட்டும் சொன்னோம்.

ஏனெண்டா மே 18உம் அதே வைகாசிக்குள்தான் வரும். 2009இல் எங்களுக்கு நாலு, அஞ்சு வயது. எங்கட ஞாபகம் எது, பெரியாக்கள் சொல்லிக் கேட்டது எது எண்டு இப்ப பிரிச்சு எடுக்க ஏலாது. ஆனால் அம்மம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சித்திரை முடியும்போதே அவவின் கதை குறையும். சின்ன மாமாவின் படத்துக்கு முன்னால் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பா. 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலுக்குப் போய்வந்து, சிரட்டையில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால் அடுத்த நாள்தான் எழும்புவா. இரண்டு கிழமை கழித்து அதே மனுசி பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பா. இதை வெளியாள் ஒருத்தருக்கு எப்படிக் காட்டுறது எண்டு எங்களுக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் வரட்டோ எண்டாள். "மழை, வட்டுவாகல் பாலத்துக்கு மேலால தண்ணி போகும்" எண்டோம். அதுவும் உண்மைதான். 27ஆம் திகதி மாலை எங்கட ஊர்த் துயிலுமில்லத்தில் யார் யார் நிற்பார்கள் எண்டு சொல்லவில்லை. மார்கழி 26 சுனாமி நாள். ஆடி, ஆவணி மிஞ்சியது. அப்ப கிணறு அடியில் போய், குளிக்கிறதுக்குத் தண்ணி அளந்து அள்ள வேண்டி வரும். அது வேறை வெட்கம். இப்படி ஒவ்வொரு மாசமாக வெட்டிக்கொண்டு வந்ததில் நாட்காட்டியே முடிந்துபோச்சு. அவளும் கேட்கிறதை விட்டுவிட்டாள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. அந்தக் கிழமை அவள் வீட்டில் நின்றாள். எங்கட பக்கம் வெள்ளம். அவளின் பக்கம் மலை சரிந்தது. அவளுக்கு மழை எண்டா எங்களுக்கு வெயில் எண்ட கணக்கெல்லாம் ஒரே இரவில் போய்விட்டது. மூன்று நாள் அவளின் போன் வேலை செய்யவில்லை. வெள்ளம் எங்களுக்குப் பழக்கம். எது வரை ஏறும், எதை முதலில் தூக்கவேணும் எண்டு தெரியும். வீட்டுக்கு மேலே நிற்கிற மலை கீழே வருகிறதை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாலாம் நாள் ஒரு வொய்ஸ் மெசேஜ்: "லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருச்சு. இஸ்கூல்ல இருக்கோம். எல்லாரும் இருக்கோம்."

எல்லாரும் இருக்கோம். அம்மம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டா.

பெப்ரவரியில் கம்பஸ் லீவு விட்ட கையோடு, பருவம் எதுவும் கேட்காமல் அவள் எங்களோடு மாங்குளம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வெள்ளத்துக்குத் தப்பின வயல்களில் அறுவடை மெஷின் இறங்கியிருந்தது. தண்ணிமுறிப்புக் குளம் கரை தொட்டு நின்றது. விடியப்புறம் பனிக்கு அம்மம்மா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் குந்தியிருக்க, அவள் மெல்லிய சட்டையோடு முற்றத்தில் நின்று சிரித்தாள். "இதுக்குப் பேரு குளிராம்மா?"

அன்றிரவு மாமாவின் படத்தைப் பார்த்து, யாரெண்டு கேட்டாள். நாங்கள் கதையை மாற்றப் பார்த்தோம். அம்மம்மா மாற்ற விடவில்லை. மாத்தளனில் இருந்து தொடங்கினா. மாமாவைக் கடைசியாகக் கண்ட இடம், பிறகு செட்டிகுளம் முகாமில் தண்ணிக்கு வரிசையில் நின்றது, எல்லாம். எங்களுக்கே சொல்லாத சில விசயங்களும் அதுக்குள் இருந்தன. அவள் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்த பிறகு, இஸ்கூலில் இருந்த பதினொரு நாளைப் பற்றி அவள் சொன்னாள்.

வெளிக்கிடுகிற அன்று அம்மம்மா ஒரு பையில் முருங்கைக்காயும் ஒடியலும் கட்டிக் கொடுத்தா.

"வைகாசியில வா பிள்ளை. பொங்கலுக்கு ரெண்டு கிழமை முதலே வந்து நில்லு, கஞ்சிக்கும் ஆள் வேணும்."

"வெயில் கொளுத்துமாமே பாட்டி?"

அம்மம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தா. "ஆர் சொன்னது?"