ஒரே கணக்கு, இரண்டு விண்டோ

வேலைநீக்கக் கடிதத்தில் முதலாவது குற்றச்சாட்டு, இரட்டைக் கணக்குப் பேணியமை. இரண்டாவது, பழைய பதிவுகளை அழித்தமை. மூன்றாவது, கணக்கின் ஒரு ஷீட்டை மறைத்து வைத்தமை. நான்காவது, பாஸ்வேர்ட் போட்டு நிறுவனத்தின் கணக்கை நிறுவனத்துக்கே திறக்காமற் செய்தமை. நான்குக்கும் ஆதாரம் ஒரே ஒரு எக்ஸெல் ஃபைல். அந்த ஃபைலை அறிந்தவர் ஒருவர் பொறுமையாகத் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கடிதமே எழுதப்பட்டிருக்காது. அப்படித் திறந்து பார்க்க வைப்பதற்காகத்தான் நாங்கள் திருகோணமலைத் தொழில் நியாய சபை வரை போனோம்.

எக்ஸெல் 2013 எங்கள் ஊர் அலுவலகங்களுக்கு மெல்ல வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாள் கலங்கள் டீசல், ஐஸ், தண்ணீர் எல்லாவற்றையும் கடனுக்கு ஏற்றிக்கொண்டு போகும். மீன் விற்ற பிறகு கணக்குப் பார்த்துக் கழிப்பார்கள். இப்படிப் படகுகளுக்குப் பொருள் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் கொட்பேயிலிருந்து சீனக்குடா வரை உண்டு. முதலாளிக்குக் கடலைத் தெரியும், படகுக்காரரைத் தெரியும், எவனுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதும் தெரியும். கணினி மட்டும் அவர் கைபடாத பொருள். அதற்கென்று உயர்தரம் முடித்து, ஒரு கணினிப் பாடநெறிச் சான்றிதழோடு வரும் ஒரு பெண் பிள்ளையை வைத்திருப்பார். சொற்பச் சம்பளத்தில் முழு வியாபாரத்தின் கணக்கும் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும். டீசல் குறைந்தால் முதலில் அவள் மேல்தான் சந்தேகம் விழும்.

என் கட்சிக்காரி கிண்ணியாவைச் சேர்ந்தவர். வாப்பாவோடு வந்திருந்தார். வேலை போனதைவிட, அந்த முதலாவது குற்றச்சாட்டுத்தான் இருவரையும் வதைத்தது. "இரட்டைக் கணக்கு" என்று ஒரு சொல் ஊரில் பரவினால் இன்னொரு கடைவாசலில் போய் வேலை கேட்க முடியாது. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப்போவதாகவும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் உள்ளே தள்ளுவதாகவும் முதலாளி தரப்பில் சொல்லியிருந்தார்கள்.

"சேர், ரெண்டு கணக்கு இல்ல. ஒரே கணக்குத்தான். ரெண்டு விண்டோவில திறந்து வச்சிருந்தேன்" என்றார் அவர்.

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. என் அலுவலகக் கணினியில் அதை அவரே செய்து காட்டினார். எக்ஸெலில் ஒரு ஃபைலைத் திறந்து "நியூ விண்டோ" கொடுத்தால் அதே ஃபைல் இன்னொரு விண்டோவிலும் தெரியும். தலைப்பில் ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் விழும். இடப்பக்கம் அன்றாடம் கொடுத்த டீசல், வலப்பக்கம் தாங்கியின் கையிருப்பு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் பதிந்துவந்தார். நிறுவனத்தின் கணினியை இரவு வேலைக்காரரும் பாவிப்பார்கள். காலையில் வந்தால் விண்டோக்கள் கலைந்து கிடக்கும், ஒன்று மூடப்பட்டிருக்கும். இதற்கு 2007 பதிப்பில் ஒரு வழி இருந்தது. "ப்ரொடெக்ட் வேர்க்புக்" என்பதற்குள் "ஸ்ட்ரக்சர்", "விண்டோஸ்" என்று இரண்டு தெரிவுகள். முதலாவதைப் பூட்டினால் ஷீட்டுகளைச் சேர்க்க, அழிக்க, பெயர் மாற்ற, மறைத்ததை வெளியே எடுக்க முடியாது. இரண்டாவதைப் பூட்டினால் விண்டோக்கள் வைத்த இடத்தில் வைத்த அளவில் நிற்கும், இழுக்கவோ மூடவோ முடியாது. அவர் இரண்டையும் பூட்டியிருந்தார்.

பிறகு முதலாளி புது மடிக்கணினி வாங்கினார். அதில் 2013 பதிப்பு. அந்தப் பதிப்பிலிருந்து எக்ஸெலின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு ஒரு பெரிய சட்டகத்துக்குள் அடங்கியிருந்த விண்டோக்கள் தனித்தனியாகப் பிரிந்தன, "விண்டோஸ்" பூட்டு செயலற்றுப் போனது. பழைய கணினியில் ஒரே சட்டகத்துக்குள் அருகருகே நின்ற இரண்டும், புதுக் கணினியில் ஒரே பெயரோடு 1, 2 என்று இலக்கமிட்ட இரண்டு தனிக் கணக்குகள்போல எழுந்து நின்றன. இது போதாதென்று, ஒரு விண்டோவில் அவர் பூச்சியங்களைத் தெரியாமல் வைத்திருந்தார். வெறும் பூச்சியங்களால் நிரம்பிய பக்கத்தில் கண் ஓடாது என்பது அவர் சொன்ன காரணம். அந்தத் தெரிவு விண்டோவுக்கு விண்டோ வேறுபடக்கூடியது. ஆகவே ஒரே ஷீட் ஒரு விண்டோவில் பூச்சியங்களோடும் மற்றதில் வெறுமையாகவும் இருந்தது. முதலாளி இரண்டையும் திரையில் தெரிந்தபடியே அச்செடுத்துக் கணக்காய்வு செய்பவர் ஒருவரிடம் காட்ட, அவரும் "ரெண்டும் வேற வேற" என்று சொல்லிவிட்டார்.

கோணேசர் மலையை டச்சு பே கரையிலிருந்து பார்ப்பவருக்கும் உப்புவெளிக் கரையிலிருந்து பார்ப்பவருக்கும் ஒரே உருவமாகத் தெரியாது. அதற்காக மலை இரண்டு என்று எவரும் சொல்வதில்லை. இந்த வாதத்தை என் எழுத்துமூலச் சமர்ப்பணத்திலும் வைத்தேன். ஆனால் உவமையால் வழக்கு வெல்லாது. ஃபைல் சபையின் முன் திறக்கப்பட வேண்டும்.

ஃபைலுக்குப் பதிலாக எதிர்த்தரப்பு சமர்ப்பித்திருந்தது அச்சுத்தாள்களை மட்டுமே. அதைத்தான் நான் முதலில் எதிர்த்தேன். எங்கள் நாட்டில் கணினிச் சாட்சியத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. எழுபதுகளின் இறுதியில் பென்வெல் வழக்கில், பழைய சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் எந்தப் பிரிவுக்குள்ளும் கணினிச் சாட்சியம் அடங்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கணினிச் சாட்சியத்தைக் கொண்டுவருபவர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும். எதிரி கேட்டால் அச்சாட்சியத்தை மட்டுமல்ல, அது பிறந்த கணினியையும் பார்வையிட இடம் கொடுக்க வேண்டும். ஆனால் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, அச்சட்டத்துக்குள் வரும் ஆவணங்களுக்கு 1995 சட்டம் பொருந்தாது என்று ஆகிவிட்டது. அதோடு, கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 36(4)ஆம் பிரிவின்படி தொழில் நியாய சபையைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதைத்தான் பிடித்துக்கொண்டார்: சபைக்கு விதிகளின் கட்டு இல்லை, ஆகவே அச்சுத்தாளே போதும் என்றார்.

அதே பிரிவைத்தான் நானும் எடுத்தேன். விதிகளின் கட்டு இல்லாத சபைக்கு, ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறித்த ஆவணத்தை அதன் உண்மையான உருவிற் பார்ப்பதற்கும் தடை இல்லை. நீதியும் நியாயமுமான கட்டளையைத் தர வேண்டும் என்பது சபைக்குச் சட்டமே விதித்த கடமை. ஃபைலைப் பார்க்காமல் அச்சுத்தாளை மட்டும் பார்த்து அக்கடமையை நிறைவேற்ற முடியாது என்று வாதிட்டேன். சபையின் தலைவர் ஏற்றுக்கொண்டார். மடிக்கணினியையும், வேலைநீக்கத்துக்கு முன் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பிரதியையும் கொண்டுவரும்படி கட்டளையிட்டார். பென் டிரைவ் பிரதியை நான் வலியுறுத்திக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. புதுக் கணினியில் இரண்டில் ஒரு விண்டோவை மூடிவிட்டு ஃபைலைச் சேமித்தால், இரண்டு விண்டோ இருந்த சுவடே போய்விடும்.

எதிர்த்தரப்பு அழைத்த கணினித் தொழில்நுட்பவியலாளர் நேர்மையானவர். குறுக்கு விசாரணையில் நான் அவரிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பிரதியின் பிரதி ஒன்றைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விண்டோவும் வந்தன. 1 என்று இருப்பதில் ஒரு வெற்றுக் கட்டத்தில் ஏதாவது ஓர் எண்ணை அடியுங்கள் என்றேன். அடித்தார். 2இல் அதே ஷீட்டில் அதே கட்டத்தைப் பாருங்கள் என்றேன். அந்த எண் அங்கேயும் இருந்தது. தலைவர் தன் ஆசனத்திலிருந்து முன்னால் சாய்ந்து, இன்னொரு தடவை செய்யச் சொன்னார். இம்முறை 2இல் அழித்தார். 1இலும் அழிந்தது.

அடுத்து ஃபைலின் உள்ளே போனோம். எக்ஸெல் 2007 சேமிக்கும் ஃபைல் உண்மையில் ஒரு ஸிப் பொதி. பெயரின் கடைசியை மாற்றித் திறந்தால் உள்ளே எழுத்து வடிவிலான சிறு ஃபைல்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் இந்த வேர்க்புக்குக்கு எத்தனை விண்டோ, எது எங்கே நிற்கிறது, பூட்டு உண்டா என்பதெல்லாம் பதியப்பட்டிருக்கும். விண்டோ பற்றி இரண்டு வரிகள் இருந்தன. ஷீட்டுகளின் பட்டியல் ஒன்றே ஒன்று. ஷீட்டுக்கான ஃபைலில், ஒரு விண்டோவில் மட்டும் பூச்சியம் தெரியக்கூடாது என்ற குறிப்பும் இருந்தது. இரட்டைக் கணக்கு என்ற குற்றச்சாட்டு அந்த இடத்தில் விழுந்தது.

அழித்ததாகச் சொல்லப்பட்ட பழைய பதிவுகள் அழியவே இல்லை. "ஃப்ரீஸ் பேன்ஸ்" என்ற வசதியை, ஷீட்டைக் கீழே உருட்டி அந்த மாதத்தின் தலைப்பு மேலே வந்த நிலையில் அவர் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுத்தால் அதற்கு மேலுள்ள வரிகளுக்கு உருட்டிப் போக முடியாது. ஆனால் இடது ஓரத்தில் வரி இலக்கம் ஒன்றிலிருந்து தொடங்காமல் நூற்றுக்கணக்கில் தொடங்கும். அந்த இலக்கங்கள் எதிர்த்தரப்பின் சொந்த அச்சுத்தாளிலேயே இருந்தன. ஃப்ரீஸை நீக்கியதும் முதல் நாளிலிருந்து எல்லாமே வந்தது.

மறைத்த ஷீட் டீசல் விலைப்பட்டியல். விலை மாறும்போதெல்லாம் அங்கே ஒரு வரி சேர்ப்பார். கை தவறி யாரும் மாற்றிவிடக் கூடாது என்று மறைத்திருந்தார். வெளியே தெரிந்த ஒவ்வொரு தொகையின் சூத்திரத்திலும் அந்த ஷீட்டின் பெயர் இருந்தது. திருட்டுக் கணக்கை மறைப்பவர் அதன் பெயரைக் கட்டத்துக்குக் கட்டம் எழுதி வைக்கமாட்டார்.

பாஸ்வேர்ட் விடயத்தில்தான் சபை மிக அமைதியாகக் கேட்டது. டீசல் வழங்கல் கொப்பியை எதிர்த்தரப்புத் தானே சான்றாக இட்டிருந்தது. அதன் பின் அட்டையின் உட்பக்கத்தைப் பார்க்கும்படி முதலாளியிடம் கொடுத்தேன். அங்கே பென்சிலால், "கணக்கு பாஸ்வேர்ட்" என்ற தலைப்பின் கீழ் அது எழுதப்பட்டிருந்தது. யாருடைய கையெழுத்து என்று கேட்டேன். "பிள்ளையின்ர" என்றார். அந்தக் கொப்பி எங்கே இருக்கும் என்று கேட்டேன். "பம்புக்குப் பக்கத்தில, எல்லாருக்கும் எட்டுற மாதிரி" என்றார்.

அந்தப் பூட்டின் உண்மையான பலத்தையும் சபைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2007 பதிப்பு ஸ்ட்ரக்சர் பூட்டின் பாஸ்வேர்டை வெறும் 16 பிட் அடையாளமாகச் சுருக்கி வைக்கும். ஆகக்கூடியது 65,536 வேறுபாடுகள். எனவே உண்மையான பாஸ்வேர்ட் தெரியாவிட்டாலும் அதே அடையாளம் தரும் இன்னொரு சொல்லால் திறக்கலாம். அதற்கான சிறு நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதைவிட முக்கியம், விண்டோவையும் ஸ்ட்ரக்சரையும் பூட்டினாலும் கட்டங்கள் பூட்டப்படுவதில்லை. கட்டங்களுக்கு ஷீட் பூட்டு என்று வேறொன்று உண்டு. அதை அவர் போடவே இல்லை. அதாவது, அந்தக் கணினியின் முன் இருந்த எவரும் எந்த எண்ணையும் மாற்றியிருக்கலாம். இது இருபுறமும் வெட்டும் உண்மை என்பதை நான் சபையிடம் மறைக்கவில்லை. டீசல் குறைந்திருந்தால் அதை யார் குறைத்தார் என்பதற்கு இந்த ஃபைல் சாட்சி அல்ல. தாங்கியில் கோல் விட்டு அளந்த பதிவும் பம்பின் மீற்றர் பதிவும்தான் சாட்சி. அவற்றை எதிர்த்தரப்புக் கடைசிவரை கொண்டுவரவில்லை.

"குற்றம் இல்லாதவர் எதற்காக மறைக்க வேண்டும்?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தன் தொகுப்புரையில் கேட்டார். அது நல்ல கேள்வி, அதை நான் பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். எக்ஸெலில் ஒன்றை மறைப்பது அதை அகற்றுவதல்ல. இதை மறந்தவர்கள் கிண்ணியாப் பிள்ளையைவிடப் பெரிய இடங்களில் இருந்தார்கள். 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்குரோத்தானபோது அதன் சொத்துகளில் ஒரு பகுதியை பார்க்லேஸ் வாங்கியது. வேண்டாத ஒப்பந்தங்கள் இருந்த வரிகளை ஒரு எக்ஸெல் ஃபைலில் மறைத்து வைத்திருந்தார்கள். அதைப் பிடிஎஃப் ஆக மாற்றியபோது அவையும் வெளியே வந்து, 179 ஒப்பந்தங்கள் தவறுதலாக வாங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. 2023 ஓகஸ்டில் வட அயர்லாந்துப் பொலிஸ் சேவை, தகவல் கோரிக்கை ஒன்றுக்கு அனுப்பிய ஃபைலில் மறைந்திருந்த ஒரு ஷீட்டில் தன் 9,483 உத்தியோகத்தர், ஊழியர்களின் விபரங்களை உலகுக்குக் கொடுத்துவிட்டது. பொலிஸ்காரர் என்று அயலவருக்குத் தெரிந்தாலே உயிராபத்து உள்ள நாடு அது. ஏழரை இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. அங்கே ஒன்றையும் களவாடுவதற்காக யாரும் மறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வழக்கில் முதலாளி செய்ததும் அதே பிழை. கண்ணுக்குத் தெரியாததை அழிக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டார், அதைக் களவு என்று பெயரிட்டார். அதன் விலையை அந்தப் பிள்ளை கொடுத்தாள்.

1977ஆம் ஆண்டு ஹில்மன் வழக்கின்படி, வேலைநீக்கத்துக்குக் குற்றவியல் தன்மையுள்ள காரணம் சொல்லப்பட்டாலும் தொழில் நியாய சபையில் நிகழ்தகவின் சமநிலையில் நிரூபித்தாற் போதும். சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை. அந்த இலகுவான அளவுகோலிலும் நான்கு குற்றச்சாட்டில் ஒன்றுகூட நிரூபிக்கப்படவில்லை என்று தலைவர் கட்டளையில் எழுதினார். ஃபைலைச் சபையின் முன் திறந்தபோது கண்டதை ஒரு பந்தி முழுவதும் விபரித்திருந்தார். வேலைநீக்கம் நியாயமற்றது என்று தீர்ந்தது.

மீண்டும் அங்கே வேலைக்குப் போக என் கட்சிக்காரிக்கு விருப்பமில்லை. அதற்குப் பதிலாக நட்டஈடு கட்டளையிடப்பட்டது. முதலாளி மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யவில்லை. பணத்தை உதவித் தொழில் ஆணையாளரிடம் தவணையில் கட்டி முடித்தார். பொலிஸ் முறைப்பாடு என்ற பேச்சு பிறகு எழவில்லை. கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியை வாங்க அந்தப் பிள்ளையின் வாப்பா வந்திருந்தார். ஒன்றுக்குப் பதிலாக மூன்று கேட்டார். வேலை கேட்டுப் போகும் இடங்களில் கொடுப்பதற்காக.