ஒரு ஸ்லாஷ் டி

படித்தது பி.காம்., பிழைப்பு பேங்கில். ஆனாலும் கருப்புத் திரையில் கட்டளை அடிக்கிற டாஸ் காலத்துப் பழக்கம் துபாய் வந்தும் விடவில்லை.

அப்பாவோடு பொன்முடி போனது ஒரே தடவைதான். நாகர்கோவிலில் இருந்து கார். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள், அத்தனையையும் அப்பா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். அந்தப் படங்கள் லேப்டாப்பில், சி டிரைவில் இருந்தன.

அப்பா தவறி ஒரு வருஷம் கழித்து, அந்த போல்டரில் நின்றுகொண்டே டி டிரைவ் குப்பையைக் கழிக்க 'சிடி' அடித்தேன். விண்டோஸில் வெறும் சிடி டிரைவை மாற்றாது. டி-யில் எந்த போல்டர் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நம்மை சி-யிலேயே நிறுத்திவிடும். எர்ரரும் வராது. 'ஸ்லாஷ் டி' சேர்க்கணும். தெரிந்தும் மறந்தேன். டெல், ஸ்டார் டாட் ஸ்டார். நிச்சயமா என்றது, ஒய் அடித்தேன். டெல் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். பழைய நார்ட்டன் என்சிடி மாதிரி, பெயரில் பாதி அடித்தால் போதும், பட்டியலில் தேடி 'புஷ்டி' கட்டளையால் (சிரிக்காதீங்க, பெயரே அதுதான்) டிரைவோடு சேர்த்து மாற்றும். 'பாப்டி' அடித்தால் பழைய இடம். இரண்டு போல்டர் பொருந்தினால் நகராது, என்னைக் கேட்கும். போய்ச் சேர்ந்ததும் அங்கிருக்கும் ஃபைல்களைக் காட்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வரிதான்.

தங்கச்சிக்கு மெயிலில் அனுப்பிய ஒரு படம் மட்டும் தப்பியது. வளைவு போர்டு பக்கத்தில் அப்பா, கண்ணை மூடியபடி.