தரங்கம்பாடிக் கோயிலும் எங்கள் மலைக் கோயிலும்

"உன் ஊரைப் பற்றி எழுது" என்று மன்றத்து நண்பர்கள் கேட்டபோது எனக்குச் சிறிது தயக்கம் உண்டாயிற்று. எல்லைப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் இயல்பு. என் தந்தை பிறந்தது மூணாற்று மலைத் தோட்டத்து லயம் ஒன்றில். தாய் பிறந்தது பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. இரண்டு ஊர்களும் கேரளத்தில் உள்ளவை. இரண்டு வீடுகளிலும் பேசும் மொழி தமிழ். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தோடு அமைந்தன. எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும் எல்லை தாண்டாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

ஆயினும் நான் எழுத எண்ணியது இந்த இரண்டு ஊர்களைப் பற்றியும் அன்று. தரங்கம்பாடியைப் பற்றி எழுதப் போகிறேன். மலையில் பிறந்தவளுக்குக் கடற்கரை ஊரோடு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்த ஊருக்குச் செல்லும் வழி, என்னைப் பொறுத்தவரை, மூணாற்று மலைமேல் நிற்கும் ஒரு கற்கோயிலிலிருந்தே தொடங்குகிறது.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஆச்சியோடு கடைத்தெருவுக்கு இறங்கியிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மலை மழை சொல்லிக்கொண்டா வருகிறது? ஒதுங்க இடம் தேடி, மேட்டின்மேல் இருக்கும் கிறிஸ்து நாதர் கோயிலுக்குள் நுழைந்தோம். அது 1910-இல் கடைக்கால் இட்டுக் கட்டப்பட்டது. மறு ஆண்டு வழிபாடு தொடங்கியது. கோயிலுக்கு முன்னரே அங்குக் கல்லறைத் தோட்டம் இருந்தது. 1894-இல், கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எலினார் நைட் என்ற இளம்பெண் வாந்திபேதியால் இறந்தாள். தோட்ட மேலாளரின் மனைவி. புதிதாக மணமாகி வந்தவள். "நான் இறந்தால் இந்த மேட்டில் என்னைப் புதையுங்கள்" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாளாம். அவள் கல்லறையே அங்கு முதற் கல்லறை. அதன் பிறகுதான் கோயில் எழுந்தது. இந்தக் கதை மூணாற்றில் எல்லாருக்கும் தெரியும்.

மழை ஓயும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளைத் தகடுகள் பதித்திருந்தார்கள். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தேன். ஆங்கிலப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"இதெல்லாம் யாரு ஆச்சி?"

"துரைமாரு பேரு தாயீ. தோட்டம் போட்டவுக."

"நம்ம பேரு எங்க?"

ஆச்சி சிரித்தாள். "நம்ம பேருதான் செக்ரோல்ல இருக்கே. தெனமும் காலையில எழுதுறாகளே, அது போதாதா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் என் உள்ளத்தில் தங்கிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து கிள்ளியவளின் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது, கூலிக் கணக்குக்காக. கணக்கு முடிந்ததும் ஏடு பழந்தாளாயிற்று. துரைமார் பெயர் மட்டும் பித்தளையில் நின்றது. நான் வளர வளர இது ஒரு வழக்காகவே என் நெஞ்சில் வளர்ந்தது. அந்த வழக்கோடுதான் சென்ற விடுமுறையில் தரங்கம்பாடிக்குப் போனேன். வெளிநாட்டார் கட்டிய பழைய கோயில்கள் அங்கு இருக்கின்றன. அங்கேயும் இதே கதைதானா என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் சென்றோம். நகர வாயிலைக் கடந்தால் அரச வீதி. அகன்ற தெரு, வெயிலும் அமைதியும். தெருவின் கோடியில் டேன்ஸ்பர்க் கோட்டையும் கடலும். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் டேனியருக்கு இந்த ஊரில் வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் இடம் தந்தார். அன்று தொடங்கி, 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்படும்வரை, டென்மார்க்கின் கொடி இங்கே பறந்தது. எங்கோ பனிக்கடல் ஓரத்தில் உள்ள ஒரு சிறு நாட்டின் ஆட்சி, காவிரி கடல் சேரும் நாட்டில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நின்றது என்றால் வியப்பாக இல்லையா?

அந்தத் தெருவில் இரண்டு கோயில்கள் உள்ளன. ஒன்று சீயோன் கோயில். 1701-இல் டேனியர் தமக்காகக் கட்டிக்கொண்டது. கோட்டைப் படைவீரரும் கும்பினி அலுவலரும் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை தம் மொழியில் வழிபட அமைந்த கோயில் அது. அதுவே அவர்களுடைய ஊர்க்கோயில். மற்றொன்று புதிய எருசலேம் கோயில். 1718-இல் தமிழர்க்காக எழுந்தது. அதன் முகப்பில் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடியும் பெயர்ச் சின்னமும் இன்றும் காணலாம்.

இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவு சில நிமிட நடைதான். ஆனால் அந்த நடையை ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டியிருந்தது. அவர் சீகன்பால்கு. செருமனியில் பிறந்து, டேனிய மன்னரால் அனுப்பப்பட்டு, 1706 சூலை 9-ஆம் நாள் புளூச்சௌ என்ற தோழரோடு இங்கு வந்து சேர்ந்தார். வந்ததும் தமிழ் கற்கத் தொடங்கினார். எப்படி? திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பிள்ளைகளோடு அவர் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தை எழுதிப் பழகினார் இந்த வெள்ளைக்காரர். ஆட்சித் தலைவருக்கு இவர் போக்குப் பிடிக்கவில்லை; நான்கு மாதம் சிறையில் வைத்தார். விடுதலையான பின்னும் அவர் வேலை நிற்கவில்லை. அச்சுப்பொறி வந்தது, தமிழ் எழுத்துக்கள் வந்தன, 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. (தமிழ் முதன்முதலில் நம் நாட்டில் அச்சேறியது 1578-இல், கொல்லத்தில். எங்கள் கேரள மண்ணில் என்பதை எல்லைக்காரியாகிய நான் சொல்லாமல் விடலாமா?) புதிய கோயிலுக்கு அர்ப்பணம் செய்த நான்கே மாதத்தில், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். அந்தக் கோயிலுக்குள்ளேயே அவர் கல்லறை இருக்கிறது.

கல்லறை முன் நின்றபோது என் மனம் பழைய வழக்கை எடுத்துக்கொண்டது. இங்கும் பெயர் அவருடையதுதானே? மணலில் எழுத்துக் காட்டிய ஆசிரியர் யார்? அவருடைய பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

ஊருக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். சில பெயர்கள் கிடைத்தன. டேனியரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் சீகன்பால்குக்குத் துணையாக நின்றார். தமிழர் தம் சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றி எழுதிய கடிதங்கள் தொண்ணூற்றொன்பது செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் அச்சாயின. அவற்றை எழுதியவர்களின் பெயர் அச்சில் இல்லை. பெரும்பகுதி அழகப்பன் எழுதியதே என்று கருதுவோர் உண்டு. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து ஆரோன் ஆனவர் 1733 திசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் குருவான முதல் இந்தியர் அவரே. அவர் பெயரைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. 'ஆகா, ஒருவர் பெயராவது நின்றதே' என்று எண்ணினேன்.

அடுத்த பக்கத்தில் இராசநாயக்கன் வந்தார். என் வழக்கைத் தலைகீழாக்கினார்.

தஞ்சை மன்னர் படையில் பணிபுரிந்தவர் இராசநாயக்கன். பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் ஒன்று அவர் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. படித்தார், மீண்டும் மீண்டும் படித்தார், படையை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைப் பகுதியில் அந்தச் சபை வேரூன்றியதற்கு அவர் உழைப்பே பெருங்காரணம். ஆரோனுக்கு அடுத்த குருவாக யாரை நியமிப்பது என்ற கேள்வி எழுந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டோம் என்று மேற்சாதியார் மறுப்பார்கள் என்ற அச்சம் எழுந்தது. மிஷனரிமார் அதற்குப் பணிந்தார்கள். 1741-இல் தியோகு என்ற வேறொருவர் குருவானார். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

நண்பர்களே, நான் துரைமார்மேல் குற்றம் சாட்டத்தான் போனேன். பணிந்தவர்கள் அவர்கள்தாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பணிய வைத்தவர்கள் யார்? ஒரே மொழி பேசி, ஒரே கூரையின்கீழ் வழிபட்ட நம்மவர்கள் அல்லரோ? பித்தளைத் தகட்டில் பெயர் இல்லையே என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். தகடு அடிப்பதற்கு நெடுநாள் முன்பே பெயரை அழிப்பதற்கு நம்மிடமும் ஒரு வழி இருந்திருக்கிறது.

இப்படி எண்ணியபோது எங்கள் லயம் நினைவுக்கு வந்தது. கோடி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். தோட்டத்தில் கழிவிடங்களைத் துப்புரவு செய்வது அவர் வேலை. பிள்ளைகளாகிய நாங்கள் அவரைக் "கோடிவீட்டுத் தாத்தா" என்போம். பெரியவர்கள் அவரை வேலையின் பெயராலேயே அழைப்பார்கள். எங்கள் ஆச்சி நல்லவள். அவருக்குத் தவறாமல் காப்பி கொடுப்பாள். ஆனால் அந்தக் காப்பிக்கென்று ஒரு தனித் தம்ளர் வெளித் திண்ணையில் இருந்தது. அதை நான் பதினைந்து ஆண்டு பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

செக்ரோலில் ஆச்சியின் பெயராவது இருந்தது. எங்கள் வாயில் அவர் பெயர் அதுவும் இல்லை.

எண்ணிக்கை வேறு, பெயர் வேறு. 1707 மே 12-ஆம் நாள் தரங்கம்பாடியில் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். சீகன்பால்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தமிழர்க்கென்று கோயிலும் அப்போது இல்லை. டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். தமிழர் சீர்திருத்தச் சபையின் கதையே அவர்களிடம்தான் தொடங்குகிறது. நான் படித்த நூல்கள் அவர்களை "ஐந்து அடிமைகள்" என்று கூறி மேலே செல்கின்றன. இதைப் படித்தபோது 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவை நினைத்தேன். எங்கள் மலையில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. செய்தித்தாள்கள் "எழுபது பேர்" என்றன. கயத்தாற்றிலிருந்து வந்த உறவினர்களோ எண்ணைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழுதார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது பெயர் ஒன்றுதான். பெயர் என்பது எவ்வளவு பெரிய உடைமை என்பதை அன்று கண்டேன். ஆனால் கோடிவீட்டை அன்றும் நினைக்கவில்லை.

விடுமுறை முடியுமுன் வீட்டுக்குப் போனேன். இரவு உணவுக்குப் பின் அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, கோடிவீட்டுத் தாத்தா பேரு என்ன?"

அப்பா கை கழுவப் போனவர் நின்றார். நெடுநேரம் யோசித்தார். "அவருக்கு... இரு, அம்மாவைக் கேப்போம்" என்றார். அம்மா கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாழ வந்தவள்; அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் அப்பா பழைய கூட்டாளிகள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயரைச் சொன்னார். சொன்ன பிறகு வீட்டுக்குள் வராமல் திண்ணையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். தம்ளர் இருந்த இடம் அதுதான்.

அந்தப் பெயரை என் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதினேன். இரண்டாம் வரியில் ஆச்சியின் பெயர். இங்கே அச்சிடவில்லை. தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார்களாம், பெயர் அவர்களுடையது. அவர்களைக் கண்டு கேட்டபின் அச்சிடுவதே முறை. கேட்கப் போகும்போது என்ன சொல்லித் தொடங்குவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மலைக் கோயிலில் இன்று தமிழிலும் வழிபாடு நடக்கிறது. பித்தளைத் தகடுகள் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும். எலினார் என்ற அந்தப் பெண்ணும் பிறந்த மண்ணை விட்டு வந்து இறந்தவள்தானே. அவள் பெயரை அகற்றுவதால் நம் பெயர் ஏறிவிடாது. நம் திண்ணைகளில் விடுபட்ட பெயர்களை நாம்தான் கேட்டு எழுத வேண்டும். நீங்களும் இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறீர்கள். உங்கள் தெருவின் கோடியிலும் ஒரு வீடு இருக்கும். அங்கே இருந்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?