மழையின் கணக்குப் புத்தகம்

புனே சிவாஜிநகரில் ஆட்டோக்காரரிடம் 'சிம்லா ஆபீஸ்' என்றால் போதும். வானிலைத் துறை 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. தலைமையகம் பிறகு தில்லிக்குப் போய்விட்டது; பெயர் மட்டும் நாற்சந்தியில் தங்கிவிட்டது. பாஷாணில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வேறு. பருவமழையைக் கணித்தே பிழைக்கும் ஊர்.

ஆனால் அந்த மழையின் பழைய கணக்கில் ஒரு பகுதி நம் நீலகிரியில் கிடக்கிறது, ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவின் சதுப்பில். தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல், முழுதும் மட்காமல், அடுக்கடுக்காகப் படிந்த புல்லும் கோரையும். ஆங்கிலத்தில் பீட். பாடப்புத்தக பாணியில் 'முற்றா நிலக்கரி' என்று மொழிபெயர்க்கலாம். ஈரம் சொட்டும் அந்தக் கருப்பு மண்ணைக் கையில் பிழிந்து பார்த்தவருக்கு அந்தச் சொல் ஒட்டாது. இதன் அடுக்குகளில் உள்ள கார்பனை ஆராய்ந்து, சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளில் தென்னிந்தியா எப்போது வறண்டது, எப்போது நனைந்தது என்று சுகுமார், ரமேஷ் முதலிய விஞ்ஞானிகள் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

தீபாவளி விடுமுறையில் அங்கே போனேன். வழியில் ஒரு பள்ளம். நடுவில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, இருபுறமும் கேரட். தோடர்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் இப்படிப்பட்ட சதுப்புகளில்தான் வளரும். இங்கே ஒரு தாள்கூட இல்லை.

வடிந்த சதுப்பில் காற்றுப் புகுகிறது. ஆயிரமாண்டுக் கரி மட்கி, கரியமில வாயுவாகப் பறக்கிறது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள இந்தச் சதுப்புகளில் எல்லாக் காடுகளின் மரங்களிலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் இருக்கிறது. 2015இல் இந்தோனேசியாவில் வடிந்த சதுப்புகள் எரிந்து, புகை சிங்கப்பூரை மூடியது. மறு ஆண்டே அங்கே சதுப்பு மீட்புக்குத் தனி அமைப்பு வந்தது. வைத்தியம் எளிது: வாய்க்காலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது. 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 3 டன் கரியமில வாயுவுக்குச் சமமான மிச்சம் என்கிறது 2021இல் வந்த ஓர் ஆய்வு. நிலம் முழுக்க மூழ்கினால் மீத்தேன் கூடும். ஆகவே மட்டம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

"தண்ணி நின்னா கேரட் அழுகிடும் சார்" என்றார் குத்தகைக்காரர். "வாய்க்காலை மூடுங்கன்னு சொல்றவங்க குத்தகைப் பணத்தைக் கட்டுவாங்களா?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. காற்றில் கலக்காமல் தங்கும் கரிக்கு எந்த மண்டியிலும் விலை போடுவதில்லை.

வேலிக்கல் ஒன்றைக் காட்டினார். நட்டபோது மண்ணுக்குள் இருந்த பாகம் இப்போது வெளியே தெரிகிறது. கல் எழவில்லை; நிலம் இறங்கியிருக்கிறது. நிலம் இறங்க இறங்க வேரடியில் மறுபடி ஈரம் தட்டுகிறதாம். அடுத்த வாரம் ஆள் விட்டு வாய்க்காலை இன்னும் ஒரு முழம் ஆழப்படுத்தப் போகிறார்.