மேம்பாலம் ஏறுமா?

மின்சார வண்டி எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் என் மாமா தம் பெட்ரோல் ஆட்டோவை மின்சார ஆட்டோவாக மாற்றப்போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தலைப்பு ஒன்றுதான்: வண்டலூர் ரயில்வே மேம்பாலம் ஏறுமா?

சிரிக்காதீர்கள், நண்பர்களே! நடுப்பாலத்தில் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. மோட்டார் கருகினால் வட்டிக்கு வாங்கிய பணமும் போயிற்று.

"பெரிய மோட்டாராப் போட்டுட்டா தீர்ந்தது" என்றார் மாமா. பெரிய மோட்டார் என்றால் பாட்டரியும் பெரிதாக வேண்டுமே! அதற்குப் பணம் எங்கே?

அவருக்கு நான் காட்டிய சான்று ரயில் எஞ்சின். சரக்கு இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9, பயணிகள் வண்டி இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 இரண்டிலும் ஒரே இன மோட்டார்கள் ஆறு. பற்சக்கரம்தான் வேறு. முன்னதில் 77-க்கு 15 பற்கள். பின்னதில் 72-க்கு 20. அதனாலேயே ஒன்று அதிக பாரம் இழுத்து 100 கிலோமீட்டர் வேகத்தோடு நிற்கிறது; மற்றது 140-ஐத் தொடுகிறது.

இனி ஆட்டோவுக்கு வருவோம். (தமிழ்த்துறை நண்பர்கள் பொறுத்தருள்க, சிறு கணக்குத்தான்.) ஆட்களோடு எடை 700 கிலோ, 20 அடிக்கு ஓரடி உயரும் சரிவு, சக்கர ஆரம் 20 சென்டிமீட்டர். உராய்வையும் சேர்த்தால் சக்கரத்தில் சுமார் 89 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். கடைக்காரர் காட்டிய மோட்டார் இடைவிடாது தரக்கூடியது 12. சுழற்சி நிமிடத்துக்கு 3000. ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பற்சக்கரம் வைத்தால் 72-தான் கிடைக்கும். வேகமோ 38 கிலோமீட்டர். எட்டுக்கு ஒன்றானால் 96, வேகம் 28. குறைவதை மின்னோட்டத்தைக் கூட்டி ஈடுகட்டலாமே என்பீர்கள். சிறிது தூரம் நடக்கும். ஆனால் மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச்சுருளில் சூடு நான்கு மடங்காகும். பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து ஏறும் நாளில் அந்தச் சூடு எங்கே போகும்?

28 என்றதும் மாமாவின் முகம் வாடிற்று. நாற்பதாவது போகவேண்டாமா என்றார்.

"ஜி.எஸ்.டி. ரோட்டுல என்னைக்கு நாற்பதுல போயிருக்கீங்க?" என்று அடுப்படியிலிருந்து அத்தை கேட்டார்.

மறுநாள் எட்டுக்கு ஒன்றுக்கே முன்பணம் கொடுத்தார். பாட்டரி விலைதான் இன்னும் பேசி முடியவில்லை.