வாயிலில் நின்றவர்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கிறோம். முதல் இரண்டையும் காசு கொடுத்தால் எவரும் பெறலாம். கடைக்காரர் வாங்குபவரின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மூன்றாவதற்கு மட்டும் காசு போதுவதில்லை. நீ யார், எந்த இனம் என்ற வினாவுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இதை நான் நூலில் படித்து அறியவில்லை. ஒரு வீட்டு வாயிலில் நின்று அறிந்தேன்.

அது 1994ஆம் ஆண்டு. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து அதிக காலம் ஆகவில்லை. சிலாங்கூரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். பள்ளிக்கு அருகிலிருந்த புதிய தாமானில், வீடு வாடகைக்கு என்ற அறிவிப்புப் பலகையைக் கண்டு தொலைபேசியில் பேசினேன். தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவனாயினும், மலாய்மொழியைத் திருத்தமாகப் பேசக் கற்றிருந்தேன். மறுமுனையில் இருந்தவர் அன்போடு உரையாடினார். ஆசிரியர் என்றதும் மகிழ்ந்தார். மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார். சென்றேன். இரும்புக் கதவுக்கு அப்பால் நின்று என்னை ஒருமுறை பார்த்தார். "வீடு இப்போதுதான் போய்விட்டது" என்றார். அடுத்த இரண்டு வாரமும் அந்தப் பலகை அங்கேயே தொங்கியது. நாள்தோறும் அதைக் கடந்துதான் பள்ளிக்குச் சென்றேன்.

அவர் எந்த இனத்தவர் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதற்குரிய காரணம் இக்கட்டுரையின் முடிவில் விளங்கும்.

கால் நூற்றாண்டு கடந்தது. 2019ஆம் ஆண்டில் பள்ளிச் சபைகூடலில் அறிவியலறிஞர் ஒருவரைப் பற்றி உரையாற்ற முனைந்தேன். பெர்சி ஜூலியன் என்ற அமெரிக்கக் கறுப்பின வேதியியலறிஞரைத் தேர்ந்தெடுத்தேன். அடிமைகளாக இருந்தோரின் பேரன் அவர். 1899இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். தம் நாட்டில் தடைகள் பல இருந்தமையால் ஆஸ்திரியா சென்று, வியன்னா பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். கண் அழுத்த நோய்க்குப் பயன்படும் மருந்துப் பொருளை 1935இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கினார். சோயா அவரையிலிருந்து ஹார்மோன் மருந்துகளைச் செய்ய வழி கண்டார்.

இத்தகைய பேரறிஞர், 1950இல் சிகாகோ நகரை ஒட்டிய ஓக் பார்க் என்னும் புறநகரில் ஒரு வீடு வாங்கினார். அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் வெள்ளையர். அவர் குடியேறுமுன்பே, நன்றி நவிலும் திருநாளன்று அவ்வீட்டுக்குத் தீ வைக்க முயன்றனர். 1951 ஜூன் மாதத்தில் வெடிமருந்தை வீசினர். அவ்வேளை பெற்றோர் வெளியூரில் இருந்தனர். பிள்ளைகள் வீட்டினுள் இருந்தனர். நற்பேறாக எவருக்கும் காயமில்லை. அதன் பின்னர், உலகம் போற்றிய அவ்வறிஞர் துப்பாக்கி ஏந்தித் தம் இல்லத்துக்குத் தாமே இரவுக் காவல் இருந்தார். ஆயினும் அவர் வெளியேறவில்லை. அவருக்குத் துணை நின்ற அண்டை வீட்டாரும் இருந்தனர்.

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஒரு வாரத்தில் அமெரிக்க அரசின் நேரிய வீட்டுரிமைச் சட்டம் கையொப்பமானது. மறுமாதம் ஓக் பார்க் ஊர்மன்றமும் தனக்கெனத் துணைச்சட்டம் ஒன்றை இயற்றியது. கதை இத்துடன் இனிதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சட்டம் கதவைத் திறந்தது. அச்சம் கதவுக்கு வெளியே காத்திருந்தது.

ஓக் பார்க்குக்குக் கிழக்கே, ஒரு தெருவுக்கு அப்பால், சிகாகோவின் ஆஸ்டின் வட்டாரம் உள்ளது. அங்கே தரகர்கள் வீடு வீடாகச் சென்று, "கறுப்பினத்தார் வருகின்றனர், விலை விழுமுன் விற்றுவிடுங்கள்" என்று அச்சுறுத்தினர். அஞ்சியோர் மலிவாக விற்றனர். தரகர்கள் அவ்வீடுகளைக் கறுப்பினத்தாருக்கே மிகுந்த விலைக்கு விற்றனர். விற்றவனும் ஏமாந்தான், வாங்கியவனும் ஏமாந்தான். சில ஆண்டுகளில் ஒரு வட்டாரமே இனம் மாறியது. இரு இனமும் கலந்து வாழவில்லை. ஓர் இனம் வெளியேற, மற்றோர் இனம் அதன் இடத்தை நிரப்பியது.

ஓக் பார்க் மக்கள் இதைக் கண்டு விழித்துக்கொண்டனர். 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணி அங்கு வீட்டுவசதி மையம் ஒன்றை நிறுவினார். வாடகைக்கு வீடு தேடி வருவோரை வரவேற்று, எந்த இனத்தாராயினும் தாம் எண்ணியிராத தெருக்களையும் சென்று பார்க்குமாறு ஊக்குவித்தது அம்மையம். ஊர்மன்றம் தன் புதிய கட்டடத்தை 1975இல் கிழக்குப் பகுதியிலேயே எழுப்பியது. "அச்சம் மிகுந்த இடத்திலேயே நாங்கள் நிற்கிறோம்" என்று சொல்லாமல் சொன்ன செயலாகவே அது எனக்குத் தோன்றுகிறது. கறுப்பினத்தாரைப் பல தெருக்களுக்கும் பரப்பி வைக்க முயல்வதும் ஒருவகைக் கட்டுப்பாடுதானே என்று குறை கூறியோரும் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், கலந்து வாழ்வது தானாக நிகழாது, நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை அது என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தனர். 1985இல் அவ்வூர்ப் பள்ளி ஒன்றுக்குப் பெர்சி ஜூலியனின் பெயர் சூட்டப்பட்டது. தலைமையாசிரியனாகிய எனக்கு அச்செய்தி கண்ணில் நீரை வரவழைத்தது.

அந்த உரையை எழுதிக்கொண்டிருந்த இரவில்தான் தொலைபேசி ஒலித்தது. கடன் பெற்று நான் வாங்கியிருந்த இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட, ஒரு தரகரிடம் சொல்லியிருந்தேன். "ஓர் இளம் தம்பதியர் கேட்கின்றனர், ஐயா. தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தமிழர்கள்" என்றார் அவர். எழுதுகோலைக் கீழே வைக்காமலே நான் விடையிறுத்தேன்: "நம் ஆட்கள் வேண்டாம். வாடகையை இழுத்தடிப்பார்கள். வேறு யாரையாவது பாருங்கள்."

அருகில் அமர்ந்திருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "அன்று அந்த மனிதரும் உங்களைப் பார்த்ததும் இப்படித்தானே நினைத்திருப்பார்?" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நான் சுமந்து திரிந்த புண்ணை, முகங்கூடப் பாராமல், என் ஊரவரைப் போன்ற இருவருக்கு அரை நிமிடத்தில் கொடுத்துவிட்டேன். மேசையின் மேல் பெர்சி ஜூலியனின் வரலாறு பாதியில் நின்றது.

மறுநாள் காலை தரகரை அழைத்தேன். அத்தம்பதியர் வேறிடம் தேடிச் சென்றுவிட்டனர் என்றார். அவர்களுக்கு வீடு கிடைத்ததா என்பதை இன்றுவரை நான் அறியேன். "எந்த இனத்தார் வேண்டும், ஐயா?" என்று அவர் மீண்டும் கேட்டார். "வாடகை கட்டக்கூடியவர் வேண்டும். அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு கேளாதீர்கள்" என்றேன்.

1994இல் என்னைத் திருப்பி அனுப்பியவரின் இனத்தை நான் ஏன் எழுதவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். குற்றம் இனத்தில் இல்லை. சாவியை வைத்திருக்கும் கையில் இருக்கிறது. இன்று அந்தச் சாவி நம் கைகளிலும் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்களே, ஒற்றுமையைப் பற்றி நாம் எழுதிக் கொடுக்கும் கட்டுரைகளை மாணவர் மனனம் செய்துவிடுவர். நம் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து நிற்கும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்வர்.